கணக்குப் பெட்டிக்குள் கணக்குப்பிள்ளை யார்?

வணிக அன்பர்கள் கடைக்குக் கணினி வாங்கும்போது விலை கேட்கிறார்கள். எத்தனை ஜி.பி., வாரண்டி எத்தனை வருஷம், பில் பிரிண்டர் சேர்த்துக் கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் "எங்கள் கணக்கு எந்த ஃபைல் சிஸ்டத்தில் உட்காரப் போகிறது?" என்று கேட்டவரை நாம் இதுவரை பார்த்ததில்லை. விற்பவரும் அதைத் தாமாகச் சொல்வதில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி., பென் டிரைவ், மெமரி கார்டு என்று சில்லுகளிலேயே நம் வரவு செலவு முழுவதும் இருக்கிற இந்தக் காலத்தில், கேட்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஃபைல் சிஸ்டம் என்பதைக் கோப்பு முறைமை என்று தமிழில் எழுதுகிறார்கள். நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால் அது குடோன் கணக்குப்பிள்ளை. குடோனில் ஆயிரம் மூட்டை அடுக்கியிருக்கலாம். எந்த வரிசையில் உளுந்து, எந்த மூலையில் மல்லி, எந்த இடம் காலி என்று எழுதி வைத்திருக்கும் ஏடு இல்லாவிட்டால் சரக்கு இருந்தும் இல்லாததற்குச் சமம். எஸ்.எஸ்.டி. என்பது குடோன். ஃபைல் சிஸ்டம் என்பது அந்த ஏடும், அதை எழுதுகிறவரும். நல்ல குடோன் கட்டிவிட்டு அரைகுறைக் கணக்குப்பிள்ளையை அமர்த்துகிறவர் நம்மில் யாரும் இல்லை. கணினியில் மட்டும் அதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தச் சில்லுகளின் குணத்தை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பான் தோஷிபா நிறுவனத்தில் இருந்த பூஜியோ மசுவோகா. 1984-ல் முதல் வகையையும், 1987-ல் இன்று பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் இருக்கிற நாண்டு வகையையும் வெளியிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு வரியை அழித்து அதே இடத்தில் வேறு வரி எழுதலாம். பிளாஷ் சில்லில் அது நடக்காது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை உப்பளத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். உப்பு விளைந்த பாத்தியில் பாதியை வாரிவிட்டு, அந்தப் பாதிக்கு மட்டும் புதுத் தண்ணீர் பாய்ச்ச முடியுமா? பாத்தி முழுவதையும் வாரிய பிறகுதான் அடுத்த தண்ணீர். சில்லும் அப்படித்தான். எழுதுவது சிறு சிறு பக்கமாக. அழிப்பது பெரிய பாத்தியாக. ஒரு பாத்தியை இத்தனை முறைதான் வாரலாம் என்ற கணக்கும் உண்டு. ஆரம்பகாலத்து உயர்ரகச் சில்லுகள் சுமார் ஒரு லட்சம் முறை தாங்கின. இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிற வகைகள் ஆயிரம் முதல் மூவாயிரம் முறை தாங்கினால் பெரிது. சிலவற்றுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் சில்லுக்கென்றே தனி ஃபைல் சிஸ்டம் வேண்டாமா என்று கேட்கலாம். அப்படியும் செய்திருக்கிறார்கள். ஜே.எஃப்.எஃப்.எஸ்.2, யாஃப்ஸ் என்று இரண்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்தன. முதல் ஆண்டுகளின் ஆண்ட்ராய்டு போன்களில் யாஃப்ஸ்தான் இருந்தது. அவை வெறும் சில்லைத் தாமே நேரடியாக மேய்க்கும் இடத்துக்கு உரியவை. நாம் வாங்குகிற எஸ்.எஸ்.டி.யிலும் பென் டிரைவிலும் உள்ளேயே ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறார். கன்ட்ரோலர் என்று பெயர். ஒரே பாத்தி தேயாமல் மாற்றி மாற்றி எழுத வைப்பது அவர் வேலை. ஃபைல் சிஸ்டம் "ஐந்தாம் நம்பர் வரிசையில் போடு" என்று சொன்னால், அவர் தமக்குத் தோதான இடத்தில் போட்டுவிட்டு, அதை ஐந்தாம் நம்பர் என்று தம் குறிப்பில் எழுதிக்கொள்வார். ஆகவே சில்லு தேய்வதைப் பற்றிய கவலையில் பெரும்பகுதியை அவரிடம் விட்டுவிடலாம். மேஸ்திரி இருப்பதை ஒப்புக்கொண்டு, அவருக்கு அனுசரணையாக எழுதப்பட்டது எஃப்.2.எஃப்.எஸ். என்பது. சாம்சங் நிறுவனத்தார் 2012-ல் வெளியிட்டார்கள். இன்று பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. போனில் அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அதுவாகவே வருகிறது. கடைக் கணினியில் அதைப் போட்டுத் தருகிறேன் என்று ஆர்வமுள்ள பையன் யாராவது சொன்னால், வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடலாம். வேகம் நமக்கு இரண்டாம் பட்சம்.

நமக்கு முதல் பட்சம் கரண்ட். அனல் மின் நிலையத்தை வைத்திருக்கிற மாவட்டம் என்று பேர். பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே என்ன நடக்கும் என்று தெரியும். பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பாதி எழுதிய ஏட்டை என்ன செய்வது? நல்ல கணக்குப்பிள்ளைக்கும் அரைகுறைக்கும் வித்தியாசம் தெரிகிற இடம் இதுதான்.

நம் பெரியவர்கள் எப்படி எழுதினார்கள்? முதலில் சிட்டை. பிறகு நிதானமாகப் பேரேடு. பேரேட்டில் பதியும்போது யாராவது கூப்பிட்டு எழுந்து போய்விட்டாலும், திரும்பி வந்து சிட்டையைப் பார்த்தால் எதுவரை ஏறியிருக்கிறது, எது பாக்கி என்று தெரிந்துவிடும். 1993-ல் மைக்ரோசாப்ட் கொண்டுவந்த என்.டி.எஃப்.எஸ்., 2008-ல் லினக்ஸில் சேர்ந்த இ.எக்ஸ்.டி.4 இரண்டும் இந்த முறையைக் கடைப்பிடிக்கின்றன. என்ன செய்யப் போகிறோம் என்பதை முதலில் ஒரு சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு ஏட்டைத் திருத்துகின்றன. ஆங்கிலத்தில் இந்தச் சிட்டைக்கு ஜர்னல் என்று பெயர். நம் கணக்கு நூலிலிருந்தே எடுத்துக்கொண்ட சொல்.

ஃபேட் என்பது அதற்கும் மூத்தது, 1977-ல் பிறந்தது. 1996-ல் வந்த ஃபேட் 32 என்ற வடிவம் இன்னும் பென் டிரைவுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சிட்டை கிடையாது. நேரே பேரேட்டில் எழுதும். எழுதும்போது கரண்ட் போனாலோ, பென் டிரைவைப் பிடுங்கினாலோ, எந்த மூட்டை எங்கே என்ற தொடர் அறுந்துபோகும். 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்பதும் இல்லை. 2006-ல் வந்த எக்ஸ் ஃபேட் அந்த 4 ஜி.பி. குறையைத் தீர்த்தது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டுகள் அதில்தான் வருகின்றன. புதியதாயிற்றே, பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் சிட்டை இல்லை. ஃபேட் 32 தன் அட்டவணைக்கு இரண்டு படி வைத்திருக்கும். எக்ஸ் ஃபேட்டில் சாதாரணமாக ஒரே படிதான்.

விண்டோஸ் கணினியின் 'சி' டிரைவ் எப்படியும் என்.டி.எஃப்.எஸ்.தான், அதில் நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. வம்பு எங்கே வருகிறதென்றால், நம் கணக்கு அங்கே இருப்பதில்லை. ஆடிட்டரிடம் கொண்டுபோக வசதி, வீட்டில் மகன் பார்க்க வசதி, கடைப் பையன் கண்ணில் படாமலும் இருக்கும் என்று டேலி கணக்கு ஃபோல்டரையே பென் டிரைவில் வைத்து, அதிலிருந்தே நேரடியாக வேலை செய்கிறவர்கள் நம்மில் ஏராளம். சட்டைப் பையில் கணக்கு இருந்தால் நிம்மதி என்ற எண்ணம். அந்தப் பென் டிரைவ் ஃபேட் 32 அல்லது எக்ஸ் ஃபேட்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கப் போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். சரக்கு நனைந்ததைப் பற்றி எல்லோரும் பேசினோம். நமக்குத் தெரிந்த பயறு மொத்த வியாபாரி ஒருவருக்குச் சரக்கு நனையவில்லை. அவர் கடை மேட்டில் இருந்தது. அந்த வாரம் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. வந்த நேரத்தில் பென் டிரைவைச் செருகி, வெளியூர் பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை நடுவில் நின்றது. மூன்றாம் முறை செருகியபோது, இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யவா என்று கணினி கேட்டது. அருகில் இருந்த பையன் சரி என்று அழுத்திவிட்டான். ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை கணக்கு. மீட்டுத் தருகிறோம் என்ற கடைக்கும் போனார். பெயரில்லாத துண்டுகளாகச் சில ஃபைல்கள் வந்தன. டேலி அவற்றைத் திறக்கவில்லை.

ஜி.எஸ்.டி. தளத்தில் எல்லாம் இருக்குமே என்று நாமும் அப்போது சொன்னோம். இருந்தது, பாதி. அவர் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட பில் விவரம் ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் கிடைத்தது. வாங்கிய சரக்கின் விவரம் 2பி-யில் கிடைத்தது. பதிவில்லாத சிறு கடைகளுக்கு விற்றது மொத்தத் தொகையாக மட்டுமே இருந்தது. யார் எவ்வளவு பாக்கி என்பது அரசாங்கத்தின் எந்தத் தளத்திலும் இல்லை. மொத்த வியாபாரியின் முதல் முழுவதும் அந்தப் பாக்கியில்தானே இருக்கிறது! மனிதர் வேனில் ஊர் ஊராகப் போய், "அண்ணாச்சி, நீங்க எவ்வளவு தரணும்?" என்று வாங்கினவரிடமே கேட்டார். பாதிப் பேர் தங்கள் நோட்டை எடுத்துக் காட்டிச் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். வேறு என்ன செய்வது?

என்.டி.எஃப்.எஸ். இருந்திருந்தால் எல்லாம் பிழைத்திருக்கும் என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம். அதன் சிட்டை காப்பது ஏட்டின் கட்டமைப்பை. மூட்டைக்குள் இருக்கிற சரக்கை அல்ல. கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கடைசி பில் அதிலும் போகலாம். மேஸ்திரியின் கையில் பாதியில் நிற்கிற வேலைக்கும் அது பொறுப்பேற்காது. ஆனால் ஒன்பது மாதக் கணக்கு, இருக்கிற இடம் தெரியாமல் மொத்தமாகப் போகிற ஆபத்து வெகுவாகக் குறையும். கடைசி பில்லுக்கு மருந்து ஒரு யு.பி.எஸ். பெரிய நிறுவனங்கள் வாங்கும் எஸ்.எஸ்.டி.களில் கரண்ட் போன கணம் கைவேலையை முடித்துக்கொள்ளச் சிறிது மின்சாரம் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் இருக்கும். நாம் வாங்குகிறவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. எனவே யு.பி.எஸ். செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களிடம் நமக்கு அனுதாபம் இல்லை.

சட்டமும் சும்மா விடவில்லை. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கென்றால் 2030 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளும். 57-ஆம் விதி மின்னணுக் கணக்குக்கு முறையான நகல் இருக்க வேண்டும் என்கிறது. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கும்படி அது இருக்க வேண்டுமாம். வெள்ளத்தில் போய்விட்டது ஐயா என்று அதிகாரியிடம் சொன்னால், நகல் எங்கே என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

நகல் என்றதும் சிலர் பழைய எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, கணக்கோடு இரும்பு அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். அது தவறு. சில்லில் எழுதியது மின்னூட்டமாக அடைபட்டிருக்கிறது. கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெள்ளக் கசியும். ஜெடெக் என்ற உலக அளவு நிர்ணய அமைப்பு, தன் எழுத்து ஆயுளை முடித்த சாதாரண எஸ்.எஸ்.டி. 30 டிகிரி வெப்பத்தில், மின் இணைப்பின்றி ஓராண்டு தகவலைத் தாங்கினால் போதும் என்று அளவு வைத்திருக்கிறது. புதியது இன்னும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் வெப்பம் கூடக் கூடக் கசிவும் கூடும். நம் சித்திரை வெயிலில் இரும்பு அலமாரிக்குள் 30 டிகிரியா நிற்கும்? ஆறு வருஷக் காவலுக்கு வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க்கே மேல், அதுவும் என்.டி.எஃப்.எஸ். போட்டது. அதையும் வருஷத்துக்கு இரண்டு முறை செருகித் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வெள்ளைக்காரர்கள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஊரின் பெயரையே கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. பெயரை எடுத்தால் ஊர் போய்விடுமா? இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் நடந்ததும் அதுதான். ஏட்டில் பெயர் போகும், சரக்கு அப்படியே கிடக்கும், கெட்டிக்காரர் தோண்டி எடுத்துவிடுவார். எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கை வேண்டாம். அழித்த இடம் காலி என்று ஃபைல் சிஸ்டம் உள்ளே இருக்கும் மேஸ்திரிக்குச் சொல்லிவிடும். டிரிம் என்று பெயர். விண்டோஸில் 2009-ல் வந்த ஏழாம் பதிப்பு முதல் அது தானாகவே நடக்கிறது. அவரும் பாத்தியை வாரிவிடுவார். பிறகு மீட்கப் பெரும்பாலும் வழியில்லை. டிரிம் தேவையான ஒன்றுதான். சொல்லாவிட்டால் விற்றுப்போன மூட்டைக்கெல்லாம் இடம் ஒதுக்கிச் சுமந்துகொண்டிருப்பார், வேகம் குறையும், சில்லும் வீணாகத் தேயும். கையைக் கவனமாக வைத்துக்கொள்ள வேண்டியது நாம். ஹார்ட் டிஸ்க் காலத்துப் பழக்கத்தில், வெளியில் கிடைக்கும் டீஃபிராக் புரோகிராம்களை எஸ்.எஸ்.டி.யில் ஓட்டுகிறவர்களும் அதை நிறுத்தலாம். மூட்டைகளை வரிசையாக அடுக்கியதால் அங்கே லாபம் இல்லை, தேய்மானம்தான் மிச்சம்.

கையடக்க பில் மெஷின், மெமரி கார்டில் ஓடும் சிறு கணினி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பல லினக்ஸில் ஓடுபவை. அங்கே இ.எக்ஸ்.டி.4 இருக்கிறதா என்று கேளுங்கள். நம் சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் போட்டுக் கணினி ஓட்டுகிறவர்களும் அதையே வைத்துக்கொள்ளலாம். கேமராவில் போடும் கார்டு வேறு ரகம். இரவு பகலாக எழுதி அழித்து எழுதுகிற இடம் என்பதால் அதற்கென்றே விற்கும் நீடித்த உழைப்புக் கார்டை வாங்கி, கேமராவிலேயே ஃபார்மட் செய்துகொள்ள வேண்டும். கேமரா என்ன ஃபைல் சிஸ்டம் கேட்கிறதோ அதையே போட்டுக்கொள்ளட்டும். அதில் வாதம் இல்லை.

பென் டிரைவ் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆடிட்டர் ஆபீசுக்கு நகல் கொண்டுபோக எக்ஸ் ஃபேட் போட்ட பென் டிரைவ் போதும். எந்தக் கணினியிலும் திறக்கும். அது லாரி, லாரியில் யாரும் குடோன் வைப்பதில்லை. எடுக்கும்போது பிடுங்காமல், எடுக்கலாம் என்று கணினி சொன்ன பிறகு எடுக்க வேண்டும். 1 டி.பி. பென் டிரைவ் ஐந்நூறு ரூபாய் என்று விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது சில ஜி.பி. சில்லு, மேஸ்திரி பொய் சொல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டவர். கள்ள மரக்கால். நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், எந்த ஃபைல் சிஸ்டமும் அங்கே துணைக்கு வராது.

எல்லாம் இப்போது கிளவுடில்தானே, எதற்கு இந்தப் பாடு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வைக்கட்டும், கூடுதல் நகல் நல்லதுதான். இங்கே கெட்டுப்போன ஃபைல், தானாக நகல் எடுக்கும்போது அங்கேயும் கெட்டதாகவே போய்ச் சேரலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். பழைய படிகளையும் விட்டு வைக்கிற சேவையா என்று பார்த்துச் சேர வேண்டும்.

உங்கள் கணக்கு எதில் இருக்கிறது என்று பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. கணக்கு ஃபோல்டர் இருக்கிற டிரைவின் மேல் மவுஸின் வலப்பக்கப் பட்டனை அழுத்தி, பிராப்பர்டீஸ் என்பதைத் திறந்தால் ஃபைல் சிஸ்டம் என்று எழுதி எதிரே பெயர் இருக்கும். என்.டி.எஃப்.எஸ். என்றால் சரி. பென் டிரைவ் என்றால், ஃபோல்டரை இன்றே கணினியின் உள் டிரைவுக்கு மாற்றி, டேலியில் அந்த இடத்தைக் காட்டிவிட வேண்டும். கூடுதலாகப் போட்ட உள் டிரைவில் ஃபேட் 32 இருந்தால் விண்டோஸிலேயே கன்வெர்ட் என்ற கட்டளை இருக்கிறது. உள்ளே இருப்பதை அழிக்காமல் என்.டி.எஃப்.எஸ். ஆக்கித் தரும். அதற்கு முன்னும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் ஃபேட்டுக்கு அந்த வழி கிடையாது. வேறு இடத்தில் நகல் எடுத்து, புதிதாக ஃபார்மட் செய்துதான் திரும்பக் கொண்டுவர வேண்டும். புதுக் கணினி வாங்குகிறவர்கள் எஸ்.எஸ்.டி. அளவோடு ஃபைல் சிஸ்டத்தின் பெயரையும், கணக்கு ஃபோல்டர் எந்த டிரைவில் வைக்கப்பட்டது என்பதையும் விற்பவரின் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். எழுத மறுப்பவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தூத்துக்குடியில் கணினிக் கடைகளுக்கா பஞ்சம்?